சோடாவுக்கு வந்த இளைப்பு

இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் சத்தியம். கற்பூரம் ஏற்றியே சொல்லலாம். ஆனால் இது மூச்சிளைப்புக்காரர்கள் கதை, புகை ஆகாது. ஆகவே வெறும் வாயால் சத்தியம்.

சென்ற கோடையில், மேலப்பாளையத்துக்குக் கிழக்கே தாமிரபரணிக் கரை மாந்தோப்பில் மூச்சானந்த சாமிகள் எழுந்தருளினார். பத்தே நாளில் வரிசையின் தலை தோப்பிலும் வால் சாத்தான்குளத்திலும் இருந்தது. வாலில் நின்றவர்களுக்கு எதற்கு நிற்கிறோம் என்று தெரியாது. குலசேகரன்பட்டினம் தசராவாகத்தான் இருக்கும் என்று காளி வேஷம் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். சித்திரை மாதத்தில் ஏது தசரா என்று ஒரு காளியும் கேட்கவில்லை. அவ்வளவு தூரம் நடந்ததில் அவர்களுக்கும் மூச்சு வாங்கியது. சாமி அதையும் நோயில் சேர்த்துக்கொண்டார். சாதி, மதம், ஊர், தெரு எதுவும் பாராமல் எல்லாரையும் சரிசமமாக ஏமாற்றும் பெருந்தன்மை அவருக்கு இருந்தது.

வைத்தியம் எளிது. கண்ணாடித் தம்ளரில் 'மூச்சுத் தீர்த்தம்'. பார்க்க வெறும் தண்ணீர். பப்பாளி இலைக்காம்பை அதில் விட்டு ஊத வேண்டும். ஊத ஊதப் பால்போல வெளுக்கும்.

"பாத்தியா? நெஞ்சுச் சளி பூரா எறங்கிட்டு!" என்பார் சாமி. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

விடாமல் ஊதி, அந்த வெள்ளை மறுபடி தெளிந்துவிட்டால் பூரண குணம். தெளியாதவர்கள் அடுத்த வாரமும் வர வேண்டும். நல்ல நெஞ்சுக்காரன் தம் பிடித்து ஊதித் தெளியவைத்து, இல்லாத நோய் தீர்ந்து வீட்டுக்குப் போனான். இருக்கிற நோயோடு வந்தவன் வாராவாரம் வந்தான்.

ரைஹானத் மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. விடுமுறைக்கு ஆய்வுப் பயிற்சி எடுத்திருந்தாள். ஏழைக்கு ஏன் சீக்கிரம் மூச்சு வாங்குகிறது என்பதுதான் விஷயம்; கல்லூரிக்காரர்கள் அதையே மூன்று வரி நீளத்துக்குத் தலைப்பாக்கிக் கொடுத்திருந்தார்கள். கையில் ஒரு பிளாஸ்டிக் குழாய். ஊதினால் முள் நகர்ந்து மூச்சின் வேகத்தை எண்ணாகக் காட்டும். அறுபது பேரை ஊதவைத்து எழுத வேண்டும்.

முதல் ஆள் அவள் மாமி அலிமா பீவி. அம்மையப்பன் அண்ணாச்சியின் பீடிக் கிட்டங்கி என்கிற கிடங்கில் புகையிலைத் தூள் சலிக்கிறவள். கிட்டங்கிக்கு ஜன்னல் கிடையாது. காற்று வந்தால் தூள் பறந்து வீணாகிவிடும் என்று அண்ணாச்சிக்குக் கவலை. மாமியின் நெஞ்சுக்குள் பறப்பதை அவர் வீண் என்று நினைக்கவில்லை.

முதல் வாரம் முள் 280 காட்டியது. அடுத்த வாரம் 220. மூன்றாம் வாரம் 160. ரைஹானத் மாமியின் பையைத் துழாவினாள்.

"மாமி, டாக்டர் மூச்சுக்கு இழுக்கக் கொடுத்த பம்பு எங்க?"

"ஆத்துல விட்டுட்டேன் புள்ள."

"ஆத்துலயா?"

"பம்பு இருந்தா தீர்த்தம் வேல செய்யாதுன்னு அவுக சொல்லிட்டாக. இன்னும் ரெண்டு வாரம் ஊதுனா..." மாமி நிறுத்தி மூச்சு வாங்கினாள். "தெளிஞ்சிரும்."

"அதுவரைக்கும் நீங்க இருக்கணும்லா! போயும் போயும் ஒரு சாமியவா நம்புதீங்க?"

"சாமின்னு நீதான் சொல்லுத. நான் வைத்தியர்னுதாம்ளா சொல்லுதேன்."

ரைஹானத் ஓடிப்போய்ப் புதுப் பம்பு வாங்கி வந்து நீட்டினாள். மாமி தொடவில்லை. தோப்புக்குத்தான் போக வேண்டும் என்றாள். ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள் ரைஹானத்.

தோப்பில் பந்தல், அம்மையப்பன் அண்ணாச்சி உபயம். இளைப்புக்குக் காரணம் தூள் அல்ல, கண்ணேறு என்று சாமி முதல் நாளே அருளியிருந்தார். ஒரு ஜன்னலைவிடப் பந்தல் மலிவு.

வரிசையில் ஏழாவதாக ஜயலக்ஷ்மி டீச்சர் நின்றாள். ரைஹானத்துக்குப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுத்தவள்.

"டீச்சர், இது சுண்ணாம்புத் தெளிநீர்லா? யார் மூச்சு பட்டாலும் வெளுக்கும்னு நீங்கதான ஊதிக் காட்டுனீங்க?"

"அது லேப்லடி. இது தீர்த்தம்," என்றாள் டீச்சர், இடத்தை விடாமல்.

ரைஹானத் நேரே முன்னால் போனாள்.

"சாமி, நீங்க ஒரு தடவ ஊதுங்க."

"எனக்குத்தான் நோயில்லியே தாயி."

"அப்பம் வெளுக்காதுல்லா? ஊதிக் காட்டுங்க."

"நான் மௌன விரதம்," என்றார் சாமி, சாத்தான்குளத்துக்கே கேட்கும்படி.

"ஏளா, படிச்ச திமிரா?" என்று மீசை வைத்த காளி ஒன்று சூலத்தை ஆட்டியது.

ரைஹானத் பந்தலோரம் சோடா விற்ற தாவூதிடம் ஒரு சோடா வாங்கினாள். யாரும் வாய் வைக்காத தம்ளரில் சாமியின் கையாலேயே தீர்த்தம் ஊற்ற வைத்தாள். அதில் கொஞ்சம் சோடாவைச் சாய்த்தாள். தீர்த்தம் பாலாக வெளுத்தது.

தாவூது அலறினான். "ஏலே, எஞ் சோடாவுக்கு இளைப்புலே!"

"சோடாவுல இருக்க வாயுதான் நாம விடுத மூச்சுலயும் இருக்கு," என்றாள் ரைஹானத். "சுண்ணாம்புத் தண்ணில பட்டா வெளுக்கும். சளியும் இல்ல, கிளியும் இல்ல."

காளிகளுக்குக் கோபம் வந்தால் தெரியுமே. இரண்டு காளிகள் சாமியின் கைகளைப் பிடித்தன. மூன்றாவது, காம்பை வாயில் திணித்தது. சாமி மூச்சை அடக்கினார். ஒன்றரை நிமிஷம். அதற்கு மேல் அடக்க அவர் யோகியா என்ன? விட்டார். தம்ளர் வெளுத்தது.

"சாமிக்கு முத்திட்டு வே!"

இழுபறியில் சடை கழன்று விழுந்தது. தாவூது உற்றுப் பார்த்தான். "லே, இது வெத்தலக்கட வேதமுத்துல்லா! மிச்சச் சுண்ணாம்ப என்ன செய்யுதான்னு இப்பம்லா தெரியுது!"

வேதமுத்து எடுத்தார் ஓட்டம். ஆழ்வார்திருநகரி தாண்டியும் அவருக்கு மூச்சு வாங்கவில்லையாம். அவ்வளவு நல்ல நெஞ்சு.

அலிமா பீவி அந்த வெள்ளைத் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை நீட்டினாள். "எங்க புள்ள அந்தப் பம்பு?"

அடுத்த வாரம் முள் 290-ஐத் தொட்டது. மாமி நேரே அம்மையப்பனிடம் போனாள்.

"அண்ணாச்சி, கிட்டங்கிக்கு ஜன்னல் வேணும்."

"சாமி போன துக்கத்துல இருக்கேன், இப்பம்தானா? தூள் பறந்துரும்மா."

"எங்க நெஞ்சுக்குள்ள பறக்குதது வெளிய பறக்கட்டும். இல்லன்னா நீங்களே உக்காந்து சலிங்க."

ஒன்பது பெண்கள் சல்லடையைக் கீழே வைத்தார்கள். மூன்றாம் நாள் கொத்தனார் வந்தார்.

தண்ணீர் நிறம் மாறியதும் கும்பிட எழுந்த கைகளில் ஒன்றாவது, ஏன் மாறியது என்று கேட்க எழுந்திருக்கலாம். மௌன விரதம் சாமிக்கு. நம் மூளைக்கு யார் விதித்தது?

ரைஹானத்துக்குச் சான்றிதழும் வந்துவிட்டது. என் சத்தியத்தில் சந்தேகம் இருப்பவர்கள் அதைப் பார்த்துக்கொள்ளலாம். அதில் கொட்டை எழுத்தில் அச்சாகியிருக்கிறது: 'இப்பயிற்சி முழுவதும் இணைய வழியில், மாணவியின் இல்லத்தில் இருந்தபடியே நடைபெற்றது.'