பதினேழு குழாய்களும் என் பயிற்சிக் காலமும்

முனிர்கா, புது தில்லி
வியாழக்கிழமை

மதிப்புக்குரிய முருகன் மாமாவுக்கு, இளவரசி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் உயிரோடு இருக்கிறேன். நீங்களும் அத்தையும் அதைவிட நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஃபோனில் சொன்னால் அம்மா பிடுங்கிப் பேசுவாள் என்பதால் கடிதம்.

"ரெண்டு மாசப் பயிற்சி, எதைக் கேட்டாலும் முடியாதுன்னு சொல்லாதே, முழுசாப் பயன்படுத்திக்க" என்று ரயில் ஏற்றும்போது சொன்னீர்கள். அதைத்தான் செய்தேன். குடிநீர் பற்றி ஆய்வு செய்யும் இந்த அலுவலகத்தில் திங்கட்கிழமை என்னை ஒரு குடியிருப்புக்கு அனுப்பி, வீடு வீடாகக் கேள்வி கேட்டு எழுதிவரச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்த இந்தி 'அச்சா' ஒன்றுதான். முதல் வீட்டம்மா என் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப்போய், ஒழுகும் குழாயைக் காட்டி ஏதோ கேட்டார், அச்சா என்றேன், அவர் முகம் மலர்ந்து பக்கத்து வீட்டம்மாவைக் கூப்பிட்டார், அவரும் காட்டினார், அவருக்கும் அச்சா, இப்படியே சாயங்காலத்துக்குள் பதினேழு குழாய் பார்த்துவிட்டேன், ஆய்வுத்தாளில் ஒரு வரி நிரம்பவில்லை.

நேற்று அந்தப் பதினேழு பேரும் அலுவலகத்துக்கே வந்துவிட்டார்கள். கூட வேலை பார்க்கும் கவிதா தில்லியிலேயே பிறந்த தமிழ்ப் பெண், அவள்தான் விளக்கினாள். "நீ மங்கள்வார், அதான் செவ்வாக்கெழமை, எல்லா நல்லும் டீக் பண்றேன்னு சொன்னியாம். நல்னா குழாய், டீக் பண்றதுன்னா ரிப்பேர் பண்றதுடி."

மேலாளர் அர்விந்த் சார் கத்தவில்லை. "நீங்க பிளம்பரா?" என்று ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். கழிப்பறைக்குப் போய் அழுதேன். அங்கேயும் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது.

நாளை வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். ஆகவே மாமா, உடனே அலுவலகத்துக்கு ஃபோன் செய்து, தாத்தா தவறிவிட்டார் என்று சொல்லி என்னை வரவழைத்துவிடுங்கள். அவர் தவறிப் பதினோரு வருடம் ஆகிறது, பொய்யாகாது.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் ஆசி இருந்தால் ஊர் வந்து சேர்வேன்.

தங்கள் மருமகள்
இளவரசி

பின்குறிப்பு: தபால்தலை வாங்க மறந்து இரண்டு நாள் இது பையிலேயே கிடந்தது. நேற்று, கவிதா எழுதிக்கொடுத்த மன்னிப்பை மனப்பாடம் செய்து ஒப்பித்தேன். முதல் வீட்டம்மா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு என்னை உட்காரவைத்து, எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லி, மற்ற பதினாறு வீட்டுக்கும் தானே அழைத்துப்போனார். பதினேழு தாளும் நிரம்பிவிட்டன. மறுபடி எழுதச் சோம்பலாக இருக்கிறது, மேலே உள்ளதைப் படிக்காதீர்கள். திங்கட்கிழமை அடுத்த குடியிருப்பு. அந்த அம்மாவும் கூட வருகிறாராம். அர்விந்த் சாருக்கு இன்னும் தெரியாது.