விரத வீட்டு மீன்காரன்

"என்னப்பா, மீன்காரன் எடுக்கிறான்!"

அன்னபாக்கியம் குசினியிலிருந்து கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். பாலசுந்தரத்துக்கு வேர்த்துவிட்டது. கோயிலில் கொடியேறி ஏழு நாள். வெள்ளவத்தையில் அந்த நாலாம் மாடி வீட்டில் தேர்த்திருவிழா முடியும்வரை முட்டைகூட ஏறாது.

"பிழையா எடுத்திருப்பான்" என்று பறித்து நிற்பாட்டினார்.

"ஒரு நாளைக்கு அஞ்சு தரம் பிழையா எடுக்கிறானோ?"

எடுத்தது மீன்காரன் இல்லை. கொம்பனித்தெருவில் இடுப்பு பெல்ட், முழங்கால் உறை, சப்பாத்துக்குள் வைக்கும் மெத்தை எல்லாம் அளவெடுத்துச் செய்யும் றவூப். பெயரைப் போட்டால் மனைவி ஆரென்று கேட்பாள், சொன்னால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் என்று மீன்காரன் என்று பதிந்து வைத்தார். விரதம் வருமென்பது அந்தப் பெரிய மூளைக்கு எட்டவில்லை.

இவ்வளவு ஒளிப்பும் எதற்கு? இருபத்தாறு வருடமாகத் தேரன்று சுவாமியைக் காவும் முன்தடி பாலசுந்தரத்தின் தோளில்தான். அறுபத்தெட்டு வயதிலும் அதை ஒருவருக்கும் விட்டுக்கொடுக்க மனமில்லை. போன மாதம் முதுகு பிடித்துக்கொண்டது. டொக்டர் பெல்ட் எழுதிக் கொடுத்தார்.

"உள்ளுக்கு நாலு கம்பி வரும் சேர்" என்று விளக்கினான் றவூப். "முதுகு கூனப் பாத்தா கம்பி விடாது. நிமிர்ந்து நிக்கப் பழக்கும்."

அவன் இடுப்பில் கட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் தெருவில் கோயில் செயலாளர் முத்துலிங்கம் வருவது தெரிந்தது. பெல்ட்டைக் கண்டால் முன்தடி போச்சு! பாலசுந்தரம் கட்டினது கட்டினபடி பின்கதவால் பாய்ந்து முச்சக்கரவண்டி பிடித்துவிட்டார்.

பிறகு அவர் நடந்த நடையைப் பார்க்கவேண்டுமே! காலி வீதியில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போவார். "பாலண்ணைக்கு வயசு பின்னுக்கெல்லோ போகுது" என்று சனம் சொல்லச் சொல்ல இன்னும் ஓர் அங்குலம் நிமிருவார். பெல்ட்டைத் தடவிப் பார்த்தால் கம்பி கையில் தட்டுப்படவேயில்லை. அவ்வளவு நுணுக்கமான வேலை என்று மெச்சிக்கொண்டார். றவூப் எடுத்தால் மட்டும் கதைக்கமாட்டார். பெல்ட் பொருந்துதோ என்று கேட்கத்தானே எடுக்கிறான், பொருந்தின பிறகு என்ன கதை?

மீன்காரன் இனிச் சரிவராது என்று பெயரை மாற்றினார். முத்துலிங்கம் என்று போட்டார். முத்துலிங்கம் எடுத்தால் ஒரு மணித்தியாலம் அறுப்பார் என்பதால் அன்னபாக்கியம் தொடவேமாட்டாள். அருமையான யோசனை.

அன்று பின்னேரமே முத்துலிங்கம் நேரில் வந்து, தேங்காய்ப்பூப்போட்ட அவலைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் மேசையில் தொலைபேசி அடித்தது.

"செயலாளர் ஐயா, நீங்கள்தான் எடுக்கிறியள்" என்றாள் அன்னபாக்கியம்.

முத்துலிங்கம் தன் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தார். "என்ர போன் இஞ்ச சும்மா கிடக்கு. என்ர பேரில எடுக்கிறது ஆர்?"

அன்னபாக்கியம் இலக்கத்தைப் பார்த்தாள். "ஐயோ, இது மீன்காரன்ர நம்பரெல்லோ!"

அவல் முத்துலிங்கத்தின் தொண்டையில் நின்றது. "கொடியேறின நேரத்தில மீன்காரனோட கள்ளத் தொடர்போ, பாலண்ணை? அதுவும் என்ர பேரில? விரதம் முறிச்ச கை சுவாமியில படக்கூடாது. நான் முன்தடிக்கு வேற ஆள் பாக்கிறன்."

பாலசுந்தரம் திக்குமுக்காடிப்போனார். பெல்ட்டைக் காட்டினால் இடுப்பில்லாதவன் என்று முன்தடி போகும். மறைத்தால் மீன் தின்றவன் என்று போகும்.

"நான் மீன் தொடேல்லை!" என்று கத்தினார். "கோயில் வாசலில கற்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ணுறன்!"

அது உண்மைதானே.

தேரன்று கற்பூரம் எரிந்தது. மனிதர் சத்தியம் பண்ணினார். கற்பூரத்துக்கு மேலே முத்துலிங்கம் என்ன கதைக்கிறது? வழிவிட்டார். கோயிலுக்குள் ஆண்களுக்கு வெறும் மேல்தான், பெல்ட்டை ஒளிக்க வழி ஒன்றே. சால்வையை இடுப்பில் மூன்று சுற்றுச் சுற்றியிருந்தார்.

"அரோகரா!"

முன்தடி தோளில் ஏறியது. பக்கத்தில் காவிய இளந்தாரி வினோதன் வாசற்படியில் ஆடிப்போனான். பாலசுந்தரம் ஆடவில்லை. நாலு கம்பி இருக்கையில் என்ன பயம்! சுவாமி தேரில் ஏறியதும் சனம் அவரைத்தான் பார்த்தது. அன்னபாக்கியத்துக்கே கண் கலங்கியது. அவருக்கோ உச்சி குளிர்ந்துபோயிற்று.

அந்தக் குளிர்ச்சியில் வேர்வை துடைக்கச் சால்வையை இழுத்தார்.

சர்ர்ர்ர்!

பெல்ட்டின் ஒட்டுப்பட்டியில் சால்வை நூல் மாட்டி, எல்லாம் கழன்று முத்துலிங்கத்தின் காலடியில் விழுந்தது. அவர் அதை இரண்டு விரலால் தூக்கினார்.

"ஓகோ! இடுப்பு பெல்ட்! அப்ப சுவாமியைக் காவினது நீங்களில்லை, உதுக்குள்ள இருக்கிற கம்பி. அடுத்த வருசம் பின்னுக்கு நிண்டு அரோகரா சொல்லுங்கோ, அண்ணை."

பாலசுந்தரத்தின் தலை முதல் தடவையாகக் குனிந்தது. அன்னபாக்கியத்திடம் கொடுத்து வைத்திருந்த அவரின் தொலைபேசி அடித்தது. அதே இலக்கம். அவள் நிமிர்ந்து பார்த்தாள். வாசலில், செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு காதில் தொலைபேசியும் ஒரு கையில் பார்சலுமாக ஒருவன் நின்றான்.

"உவன்தான் மீன்காரன்! கோயிலுக்கே கொண்டு வந்திட்டான்!"

"மீனா? நான் பெல்ட் கடை றவூப், மேடம்" என்றபடி அவன் பார்சலைப் பிரித்தான். "என்ன சேர், எத்தின தரம் கோல் எடுத்தேன்! அண்டைக்கி நீங்க கட்டிட்டு ஓடினது அளவு பாக்கிற வெறும் துணி. கம்பி நாலும் மூணு கிழமையா எங்கட கடையிலதான் கிடந்திச்சு!"