சந்தனம் வாரண்டியில் வராது

கவலைப்படுவதற்கும் ஒரு திறமை வேண்டும். எதற்குக் கவலைப்பட வேண்டுமோ அதற்குச் சரியாகக் கவலைப்படத் தெரிய வேண்டும். எனக்கு அது மட்டும் வரவே வராது. மற்றபடி கவலைப்படுவதில் என்னை மிஞ்ச வடக்கனந்தலில் ஆள் கிடையாது.

நான் வடக்கனந்தலில் உரக்கடை வைத்திருக்கிறேன். பழுத்துப்போன நெல்லுத் தாளைக் கொண்டுவந்து யாராவது காட்டினால், இன்ன மருந்து அடியுங்கள் என்று யோசிக்காமல் சொல்லிவிடுவேன். ஆனால் எனக்கென்று ஒரு சோப்பு டப்பா வாங்குவதென்றால் கள்ளக்குறிச்சியில் எல்லாக் கடையும் ஏறி இறங்கிவிட்டு, கடைசியில் முதலில் பார்த்த கடைக்கே போய் நிற்பேன். கடையைப் பூட்டிவிட்டு இழுத்து இழுத்துப் பார்த்தே எத்தனையோ பூட்டுகளைக் கெடுத்திருக்கிறேன். (என் மனைவி கோமதி, திருடன்கூட இவ்வளவு பாடு படுத்தமாட்டான் என்பாள்.)

இப்படிப்பட்டவனிடம்தான் டிவி வாங்கும் வேலை வந்தது. அதுவும் என் தங்கை கவிதாவின் புதுமனைப் புகுவிழாவுக்குச் சீராக.

கவிதாவை வெள்ளிமலையில் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை குடும்பத்துக்கு அங்கே மளிகைக்கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு கட்டி முடித்திருந்தார்கள். எங்கள் அப்பா இல்லை. ஆகவே பிறந்த வீட்டுச் சீர் என்றால் அது நான்தான். நான் கொண்டுபோகும் பொருளில்தான் தங்கையின் மானம் நிற்கும்.

ஏற்கெனவே ஒருமுறை அது நிற்கவில்லை. கல்யாணத்துக்கு நான் ஆராய்ந்து ஆராய்ந்து வாங்கிக் கொடுத்த கிரைண்டர், முதல் தீபாவளிக்கே பாதி மாவோடு மூச்சை நிறுத்திக்கொண்டது. அதிலிருந்து அந்த வீட்டில் தோசை கருகினாலும், இட்லி கல்லாகிப்போனாலும் கவிதாவின் மாமியார், "ஒங்க அண்ணன் கிரைண்டர் மாதிரியே ஆவுது" என்று சொல்லிவிட்டுத்தான் சாப்பிடுவாராம். கோபமாகச் சொல்லமாட்டார். சிரித்துக்கொண்டே சொல்வார். அதுதான் எனக்கு இன்னும் பயம்.

கவிதா போனில் கெஞ்சினாள். "ண்ணா, இந்தத் தடவ உருப்படியா ஒண்ணு வாங்கியாண்ணா. ஊரே வந்து பாக்கும். என்னால இன்னொரு கிரைண்டர தாங்க முடியாது."

மறுநாளே கள்ளக்குறிச்சியில் ரஹீம் பாய் கடைக்குப் போனேன். சுவர் முழுக்க டிவி. எல்லா டிவியிலும் ஒரே கிளி, ஒரே மரத்தில் உட்கார்ந்து ஒரே பழத்தைக் கொத்திக்கொண்டிருந்தது. ஆனால் ஒரு டிவியில் கிளி வெளிர்பச்சை, பக்கத்து டிவியில் கரும்பச்சை, அதற்கடுத்ததில் பச்சை என்றால் கண்ணைப் பறிக்கும் பச்சை.

"பாய், இதுல எது நெசமான கிளி?"

"எல்லாமே நெசம்தான் தம்பி. காச பொறுத்து பச்ச ஜாஸ்தி கம்மி ஆவும், அவ்ளோதான்" என்றார் பாய்.

பிறகு உட்கார வைத்து விளக்கினார். சாதாரண எல்இடி என்றால் திரைக்குப் பின்னால் விளக்கு எரிகிறது, அந்த வெளிச்சம் முன்னால் இருக்கும் படத்தின் வழியாக வருகிறது. க்யூஎல்இடி என்றாலும் பின்னால் விளக்குதான், ஆனால் நிறத்தைத் தூக்கிக் காட்ட நடுவில் இன்னொரு அடுக்கு வைத்திருக்கிறார்கள். ஓஎல்இடியில் பின்னால் விளக்கே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானாக எரியும், தானாக அணையும். இருட்டு என்றால் முழு இருட்டு. பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் வெளுக்காது.

எனக்கு அந்தக் கடைசி வாக்கியம் பிடித்துக்கொண்டது. உடனே கவிதாவுக்குப் போன் போட்டேன். "ஒங்க அத்த எங்க ஒக்காந்து டிவி பாப்பாங்க?"

"சமையகட்டு வாசப்படிலண்ணா. காய் அரிஞ்சிக்கினே சைடுல பாப்பாங்க."

பக்கவாட்டு! மாமியார் பக்கவாட்டு! சாதாரண எல்இடியை வாங்கிக்கொண்டுபோய் வைத்து, அவருக்கு மட்டும் சீரியல் நாயகி வெளிறித் தெரிந்தால், அந்தக் குற்றம் என் தங்கையின் தலையில்தானே விழும்? சோதித்துப் பார்க்காமல் விடமாட்டேன் என்று கடையின் ஓரத்தில், ஒரு பிரிட்ஜுக்குப் பக்கத்தில் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தேன். தலையைச் சாய்த்தேன். காய் நறுக்கும்போது தலை குனிந்து நிமிர வேண்டுமே என்று, கையில் இல்லாத அவரைக்காயை இல்லாத அரிவாள்மணையில் நறுக்கிக்கொண்டே ஒவ்வொரு டிவியாக ஓரக்கண்ணால் பார்த்தேன். வாஷிங்மெஷின் வாங்க வந்திருந்த ஒரு குடும்பம் மெல்ல நகர்ந்து மிக்சி பக்கம் போனது.

பாய் ஓடிவந்தார். "தம்பி, இன்னா ஆச்சு? தண்ணி கொண்டாரச் சொல்லட்டா?"

"ஒண்ணுமில்ல பாய். எங்க தங்கச்சி மாமியாரா ஒக்காந்து பாக்கறேன்."

பக்கவாட்டில் ஓஎல்இடிதான் வென்றது. கிளி கிளியாகவே இருந்தது. ஆனால் நிம்மதி வீடு வரைக்கும்கூட வரவில்லை. பேருந்தில் உட்கார்ந்து ஒரு வீடியோவைப் பார்த்தேன். ஓஎல்இடியில் ஒரே படம் ஒரே இடத்தில் நாள்கணக்கில் நின்றால் அதன் தடம் திரையிலேயே தங்கிவிடக்கூடுமாம். மாப்பிள்ளையின் அப்பா, கடையில் இல்லாத நேரமெல்லாம் செய்தி சேனல்தான் பார்ப்பார். செய்தி சேனலில் கீழே ஒரு சிவப்புப் பட்டை ஓடிக்கொண்டே இருக்கும். ஆக, மாமியாருக்கு ஓஎல்இடி, மாமனாருக்கு எல்இடி. ஒரு டிவிக்காக அந்த வீட்டைப் பிரிக்கவா முடியும்?

அதற்கப்புறம் நான் கடையில் வியாபாரம் பார்த்தேன் என்று சொன்னால் பொய். பூச்சிமருந்து கேட்டு வந்த ஒருவரிடம், "வூட்ல வெளிச்சம் எந்தப் பக்கத்துலருந்து வரும்?" என்று கேட்டேன். அவர் பாவம், மருந்து தெளிப்பதற்குத்தான் கேட்கிறேன் என்று நினைத்து, கிழக்கு என்றார். வெள்ளிமலையில் கரண்ட் ஏறி இறங்குமே என்று ஸ்டெபிலைசர் வாங்கினேன். இடி இடிக்குமே என்று கவலைப்பட்டேன். ஹாலில் வெயில் அடிக்குமே என்று தடித்த திரைச்சீலை வாங்கினேன். குரங்கு ரிமோட்டைத் தூக்கிக்கொண்டு போகுமே என்றுகூட யோசித்தேன். (யோசித்ததோடு நிற்காமல் இன்னொரு ரிமோட்டும் வாங்கினேன்.)

மாமனாரிடம் அவ்வப்போது சேனலை மாற்றச் சொல்லிவிடலாம், மாமியாரிடம் எதையும் சொல்ல முடியாது என்ற ஒரே காரணத்தால் ஓஎல்இடியையே முடிவு செய்தேன். பாய் கடைசியாகத் திரையின் ஓரத்தை விரலால் தடவிக் காட்டி, "பாருங்க, ஃப்ரேமே இல்ல. படம் மட்டும் தனியா மெதந்துக்கினு நிக்கும்" என்றார். விலையை இங்கே எழுதமாட்டேன். கோமதி இதைப் படிப்பாள்.

ஃப்ரேமே இல்லை, ஃப்ரேமே இல்லை என்று ஊரெல்லாம் சொன்னேன். கவிதாவிடம் சொன்னேன், மாப்பிள்ளையிடம் சொன்னேன். எனக்கு என் வாயே எமன் என்று அப்போது தெரியவில்லை.

விழா நாளன்று சீர்த்தட்டு, வாழைமரம், டிவி எல்லாவற்றையும் ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றினோம். டிரைவர் டிவிப் பெட்டியைப் படுக்கவைக்கப் போனார். நான் அலறினேன். "படுக்க வெக்கக் கூடாது! நிக்க வெச்சித்தான் கொண்டு போவணும்!"

"மலை மேல வரைக்கும் நின்னுக்கினே வந்தா அதுக்குக் கால் வலிக்காதாண்ணா?" என்றார் டிரைவர்.

கோமதி தட்டுகளோடு முன்னால் உட்கார, நான் பின்னால் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் ஒவ்வொரு வளைவிலும் வாழைமரம் என்மேல் சாய்ந்தது, நான் டிவிமேல் சாயாமல் இருக்க வாழைமரத்தின்மேல் சாய்ந்தேன். எதிரே பஸ் வரும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டேன். வெள்ளிமலையில் இறங்கியபோது என் பட்டுச்சட்டை முழுக்க வாழைக்கறை. ஆனால் பெட்டியில் ஒரு கீறல் கிடையாது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மாப்பிள்ளையும் நானும் டிவியைப் பிரித்து, கால் பொருத்தி, ஹாலில் ஷோகேஸின் மேல் நிறுத்தினோம். கூட்டம் சுற்றி நின்றது. கவிதாவின் மாமியார் முன்னால் வந்து பார்த்தார். பக்கவாட்டில் போய்ப் பார்த்தார். சமையற்கட்டு வாசலுக்கே போய் உட்கார்ந்தும் பார்த்தார். "பரவால்லயே, எங்க முடியுதுன்னே தெரியல" என்றார். கவிதாவின் முகத்தில் அப்படி ஒரு பெருமை. என் கண் கலங்கிவிட்டது.

அப்போதுதான் அவர் சந்தனக் கிண்ணத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். "பொட்டு வெச்சிட்டுப் போடலாம் தம்பி. சீர் கொண்டாந்தவங்க கையாலதான் மொதப் பொட்டு."

புதுப் பொருளுக்குச் சந்தனம் குங்குமம் வைக்காமல் எங்கள் பக்கம் ஒரு சொம்பைக்கூடப் புழங்கமாட்டார்கள். பிரிட்ஜுக்குக் கதவில் வைப்போம். பழைய டிவிக்கு, சுற்றிலும் கையகல பிளாஸ்டிக் இருக்கும், அதில் வைப்போம். நான் கிண்ணத்தோடு டிவியைப் பார்த்தேன். பொட்டு வைக்க இடமே இல்லை.

"பின்னாடி வெச்சிடட்டுமா அத்தை?"

"பின்னாடி யாராவது பொட்டு வெப்பாங்களா? ஒங்களுக்கு நெத்தி எந்தப் பக்கம் கீது?"

கூட்டம் சிரித்தது. "இல்ல, கால்ல..." என்று இழுத்தேன்.

"காலுக்கு மெட்டிதான் போடுவாங்க. நாலு மூலைலயும் வைங்க தம்பி, நேரமாவுது."

திரையிலேயே வைத்தேன். பூப்போலத்தான் வைத்தேன். வழவழப்பில் சந்தனம் ஒட்டாமல் கீழே வழிந்தது. "அழுத்தி வைங்க தம்பி" என்றார் மாமியார். கொஞ்சம் அழுத்தினேன். மேலே இரண்டு மூலையும் நின்றது. கீழே இடது மூலையும் நின்றது. வலது மூலையில் மட்டும் சந்தனம் வழுக்கிக்கொண்டே போனது. இத்தனை கண்ணும் என்மேல் இருக்க, இதையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று கட்டைவிரலை ஊன்றினேன்.

அப்பளம் நொறுங்குவதுபோல ஒரு சின்னச் சத்தம்.

எனக்கு மட்டும்தான் கேட்டது. திரை கறுப்பாக இருந்தது. முழு இருட்டு. அந்தக் கறுப்புக்காகத்தானே அதை வாங்கினேன்? உள்ளே என்ன ஆயிற்று என்று ஒன்றும் தெரியவில்லை. கற்பூரம் காட்டினார்கள். சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. ஒன்றும் ஆகியிருக்காது என்று ஒரு மனம், ஆகிவிட்டதடா பாவி என்று ஒரு மனம். கவிதா ரிமோட்டை வாங்கி, என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு அழுத்தினாள்.

வலது பக்கம் பாதித் திரை செத்துக் கிடந்தது. மூலையில் என் கட்டைவிரல் வைத்த இடத்திலிருந்து விரிசல் விரிசலாகக் கிளம்பி மேலே ஏறியிருந்தது. நடுவில் பச்சைக் கோடுகள். இடது பக்கத்தில் மட்டும் ஒரு பெண் அரை முகத்தோடு பல்பொடிக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பின்னாலிருந்து ஒரு குரல், "நல்ல நாளும் அதுவுமா..." என்று முணுமுணுத்தது. கவிதா என்னைப் பார்க்கவில்லை. புதுத் தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"அத்தை... என் கைதான்... நான்தான்..." என்று ஏதோ உளறினேன்.

மாமியார் டிவிக்குப் பக்கத்தில் போனார். விரிசலைப் பார்த்தார். அதன்மேல் இருந்த என் சந்தனப் பொட்டைப் பார்த்தார். கிரைண்டர் வரப்போகிறது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அவர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "இன்னா முணுமுணுத்துக்கினு கீறீங்க? வூட்டு மேல இருந்த கண்ணு மொத்தமும் டிவில போச்சி. காலைல பூசணிக்கா ஒடச்சோமே, அது பத்தல. எந்த மருமவ அண்ணனாவது இவ்ளோ பெருசா திருஷ்டி கழிச்சிருக்கானா சொல்லுங்க பாப்போம்?" பிறகு என்னிடம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "வுடுங்க தம்பி. அழுத்துன்னு சொன்னது நான்தான" என்றார்.

முதலில் மாப்பிள்ளை சிரித்தார். அப்புறம் மாமனார், அப்புறம் ஊர். கவிதா அழுதுகொண்டே சிரித்தாள். நான் புதுப் பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதேன். (தாழை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான்.)

ரஹீம் பாயிடம் போனபோது விஷயத்தை முழுக்கக் கேட்டுவிட்டு, "தம்பி, சந்தனம் வாரண்டில வராதே" என்றார். பிறகு சுற்றிலும் தடிமனான பிளாஸ்டிக் வைத்த ஒரு சாதாரண எல்இடியைத் தேடி எடுத்துக் கொடுத்தார். அதில்தான் மாமியார் இன்றைக்கும் வாசற்படியில் உட்கார்ந்து சீரியல் பார்க்கிறார். நாயகி வெளிறித்தான் தெரிகிறாளாம். ஒருநாளும் குறை சொன்னதில்லை. இப்போது பாய் கடைக்கு யார் டிவி வாங்கப் போனாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, எத்தனை இஞ்ச் வேண்டும் என்பது இல்லை. "பொட்டு வெப்பீங்களா?" என்பதுதான்.

கிரைண்டர் பேச்சு அந்த வீட்டில் நின்றுவிட்டது. இப்போது எது உடைந்தாலும், "வடக்கனந்தலுக்குப் போன் போடு, திருஷ்டி கழிஞ்சிடுச்சின்னு சொல்லு" என்கிறார்கள்.

சென்ற தை மாதம் மாப்பிள்ளை கார் வாங்கினார். சொந்தபந்தமெல்லாம் சுற்றி நின்றபோது யாரோ சந்தனக் கிண்ணத்தைக் கையில் எடுத்தார்கள். மாமியார் அதை வாங்கி நேராக என்னிடம் வந்தார். நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"வேணாம் அத்தை. வேற யாராவது..."

"வேற யாரு? இந்த வூட்டு மொதப் பொட்டு ஒங்க கையாலதான்" என்று கிண்ணத்தை என் கையில் திணித்தார். கிண்ணத்தோடு காரின் முன்னால் போய் நின்று, சந்தனத்தைத் தொட்டு, விரலை மெல்ல நீட்டினேன்.

"கண்ணாடில வேணாம் தம்பி" என்றார் அவர் பின்னாலிருந்து. "டயர்ல வைங்க."