ஐம்பத்தைந்தைத் தாண்டும் உத்தேசம்

சேரப்பணஞ்சேரி
14-9-1983

மரியாதைக்குரிய மச்சான் ஏகாம்பரநாதன் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை ஜெயலட்சுமியின் புருஷன் தாண்டவராயன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நான் உட்பட எல்லோரும் உயிரோடு சௌக்கியம். காஞ்சிபுரத்தில் தங்கள் வீட்டாரும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன்.

விஷயம், தை மாதத்துக்குப் பேசி வைத்திருக்கும் நம் பெண் காஞ்சனா கல்யாணத்தைத் தள்ளிப்போட வேண்டும். கோபப்படாமல் முழுக்கப் படிக்கவும். எங்கள் வம்சத்தில் ஆண்பிள்ளை ஐம்பத்தைந்தைத் தாண்டியதில்லை என்பது தங்களுக்கும் தெரியும். வரும் பங்குனியில் எனக்கு ஐம்பத்தைந்து. அதனால்தான் காஞ்சிபுரத்தில் வாத்தியார் டிரெயினிங்குக்கு இடம் கிடைத்த பெண்ணை, படித்தது போதும் என்று உட்காரவைத்து, தங்களை விரட்டி மாப்பிள்ளை பார்க்கச் சொன்னேன். அவள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. நான் கண்ணை மூடுவதற்குள் என்று சொல்லி வாயை அடைத்துவிட்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

நான் கிளம்ப ஆயத்தமானது கொஞ்சநஞ்சமல்ல மச்சான். மறைமலை நகர் கம்பெனியில் டைம் ஆபீசில் உட்கார்ந்து, ஷிப்ட் முடியுமுன் எவன் கேட்டைத் தாண்டினாலும் பாஸ் கேட்கிறவன் நான். என் விஷயத்தில் மட்டும் பாதி ஷிப்டிலேயே செருப்பை மாட்டிக்கொண்டு நின்றேன். கடைவாய்ப் பல் நாலு விழுந்தும் பல் கட்டவில்லை, ஆறு மாசத்துக்கு எதுக்குப் பல்லு. சைக்கிளைத் தங்கள் மகனுக்குக் கொடுத்தனுப்பினேன். ஸ்டுடியோவில் போட்டோ எடுக்கப் போனால் அந்த ஆள் சிரிக்கச் சொல்கிறார், மாலை போடப்போற படத்துல சிரிக்கலாமா என்று கேட்டதும் அவர் காமிராவை விட்டு வெளியே வந்துவிட்டார். ஃபிரேம் போட்டு மாட்டிய படத்தைத் தங்கள் தங்கை அரிசிப் பீப்பாய்க்குப் பின்னால் தள்ளிவிட்டாள், இன்னும் அங்கேதான் இருக்கிறது.

இந்த லட்சணத்தில் காஞ்சனா பேருக்கு ஏதாவது விட்டுப்போகலாம் என்று இன்சூரன்ஸ் ஏஜெண்டு தணிகாசலத்தைக் கூப்பிட்டேன். அப்பா ஐம்பத்துநாலு, தாத்தா ஐம்பத்துமூன்று, பெரியப்பா ஐம்பத்திரண்டு என்று எழுதிக்கொண்டு பென்சிலால் சராசரி போட்டார். "சார், இந்தக் கணக்குப்படி நீங்க போன வருஷமே போயிருக்கணும்" என்றார். பிறகு, எல்லோரும் எதனால் போனார்கள் என்று பாரத்தில் எழுதவேண்டும் என்றார். எனக்குத் தெரியாது மச்சான். அப்பா போனபோது எனக்கு மூணு வயசு, வளர்ந்ததெல்லாம் அம்மா ஊரில். அதைச் சொல்ல மிஞ்சியிருப்பது சுங்குவார்சத்திரத்தில் இருக்கும் அப்பாவின் தங்கை கிளியம்மாள் அத்தை ஒருத்திதான்.

போன ஞாயிறு போய்க் கேட்டேன். அத்தை வெற்றிலையை மென்றுகொண்டே, "உங்கப்பன் நோவுல போவலடா. பனமரத்துலேர்ந்து வுழுந்துட்டான். உங்க தாத்தாவ மாடு முட்டிடிச்சு. பெரியப்பன் கெணத்துல தவறிட்டான். நம்ம வூட்ல நோவு நொடின்னு எவன் செத்தான்?" என்றாள். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. மறுநாளே கம்பெனி டாக்டர் முன்னால் சட்டையைக் கழற்றினேன். பிரஷர் சர்க்கரை ஒன்றும் இல்லை, பீடியை விட்டுட்டு தினம் நடந்தால் எண்பது பார்க்கலாம் என்றார்.

எண்பது என்றால் இன்னும் இருபத்தாறு வருஷம். அதற்கு ஒரு ஏற்பாடும் செய்யவில்லையே மச்சான், தூக்கமே போச்சு. பீடிக்கட்டைக் குப்பையில் போட்டேன். பல்லுக்கு அளவு கொடுத்தாச்சு. சாயங்காலம் ஒரகடம் கூட்டுரோட்டிலேயே பஸ்ஸைவிட்டு எறங்கி வூட்டுக்கு நடக்கிறேன். முதல் நாள் பஸ்ஸைத் தவறவிட்ட கிழவன் என்று இரக்கப்பட்டு ஒரு லாரிக்காரர் ஏற்றிக்கொண்டார், வேணாம்னா கேக்கல, படப்பையில் இறக்கிவிட்டார், திரும்பி நடந்தது டாக்டர் சொன்னதுபோல் இரண்டு மடங்கு. பனைமரத்தடியில் போவதில்லை, மாடு வந்தால் நான்தான் வழி விடுகிறேன், கிணற்றங்கரையில் தண்ணீர் சேந்துவதை நிறுத்திவிட்டேன்.

ஆகையால் மாப்பிள்ளை வீட்டாரிடம் இரண்டு வருஷம் பொறுக்கச் சொல்லவும். பொறுக்கமாட்டோமென்றால் வேறு இடம் பார்க்கட்டும், நமக்கு அவசரமில்லை. இம்மாதக் கடைசிக்குள் சேராவிட்டால் இடம் போய்விடும் என்பதால் வெள்ளிக்கிழமை காஞ்சனாவை நானே அழைத்து வருகிறேன், தங்கள் வீட்டில் தங்கிப் படிக்கட்டும். அவள் வாத்தியாரம்மாவாகி முதல் நாள் பள்ளிக்கூடம் போவதை நான் பார்க்க வேண்டும். சைக்கிளையும் தயவுசெய்து திருப்பித் தரவும்.

தங்கள் வீட்டுக் குழந்தைகள் எல்லோரும் என்னைப்போல் எண்பது காண ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
வெகுநாள் இருக்கப்போகும்
தாண்டவராயன்

பின்குறிப்பு: அண்ணா, ஜெயா எழுதறேன். பசை தடவி தபால்ல போடச் சொல்லி எங்கிட்ட குடுத்தார். பனமரம், மாடு, கெணறு எல்லாம் நான் சொல்லிக்குடுத்தது. வியாழக்கிழமையே வெத்தல பாக்கோட போயி அத்தை கால்ல வுழுந்துட்டு வந்தேன். மூணு பேரும் மாரடைச்சுத்தான் போனாங்களாம். பாரத்துல எழுத வேணாம்னு தணிகாசலத்துக்கும் ஆள் அனுப்பிட்டேன், அந்த இன்சூரன்ஸே வேணாம். ஆனா டாக்டர் சொன்னது அவரா சொன்னது, அதுல என் கை இல்ல. இவர்கிட்ட மூச்சு வுடாதீங்க. அத்தைக்கு எண்பத்தேழு வயசு அண்ணா, இன்னும் தன் சோத்தைத் தானே ஆக்கித் தின்னுது. அதும் எதிர்லயே உக்காந்துகினு, செத்த ஆம்பளைங்க எப்படிப் போனாங்கன்னு மட்டும் கேட்டுட்டு வந்திருக்கார்.