மாலை போட்ட யூபிஎஸ்

ஆயுத பூஜை அன்று மத்தியானம் என் கடைக் கம்ப்யூட்டரில் இருந்த சரக்கு மொத்தமும் அழிந்தது. கடையில் சரக்கு இருந்தது. பைப்பு, எல்போ, வாஷர், வால்வு எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன. கம்ப்யூட்டரைக் கேட்டால் அப்படி எதுவுமே கிடையாது என்றது.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் வேதகிரி ஹார்டுவேர்ஸ். வேதகிரி நான்தான். முன்னால் பில் போடும் கம்ப்யூட்டர். பின் அறையில் இன்னொரு பெட்டி. டேட்டாபேஸ் சர்வர் என்று அதற்குப் பேர். எந்தப் பொருள் என்ன விலை, யாருக்கு எதை விற்றோம், எல்லாம் அதன் வயிற்றில். வயிறு ரொம்பிவிட்டது. பில்லைத் தட்டிவிட்டு எதிர்க்கடையில் டீ சொல்லி, ஆற்றிக் குடித்துவிட்டு வந்தால் பில் வந்துகொண்டிருக்கும். திருமுக்கூடல் ஆசாமி ஒருவர் பில்லுக்குக் காத்திருந்த நேரத்தில் மனசு மாறி, கிணறே வெட்டப் போவதில்லை என்று போய்விட்டார்.

காஞ்சிபுரத்து சாப்ட்வேர்காரர் ஞானதாஸைக் கூப்பிட்டேன். வழுக்கைத் தலை, நிதானமான பேச்சு. வழுக்கையைப் பொறுத்துக்கொள்வேன். சர்வரைப் புது வெர்ஷனுக்கு மாற்ற வேண்டும், அதற்குக் கடையை ஒரு நாள் மூட வேண்டும் என்றார். நான் மூடுகிற ஒரே நாள் ஆயுத பூஜை. காலையில் பூஜை, பிறகு ஷட்டர். அன்றைக்கே வாரும் என்றேன். அவர் சர்ச்சுக்குப் போகிறவர். அவருக்கு ஆட்சேபம் இல்லை.

என் மனைவி தேவகிக்கு இருந்தது.

பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் மறுபூஜை முடிகிறவரை தொடக் கூடாது. ஸ்க்ரூ டிரைவருக்கும் அதுதான், தராசுக்கும் அதுதான். சர்வரும் நமக்குச் சோறு போடுகிற ஆயுதம், தூக்கி வந்து பூஜையில் வையுங்கள் என்றாள்.

"வச்சிட்டா எப்படி வேலை செய்யறது?"

"நாளைக்கு செய்யறது."

"நாளைக்கு யாபாரம் கீது."

"யாபாரம் தினம் கீது. சாமிக்கு ஒரு நாள்தான். தொட்டீங்கன்னா பேஜாராவும், பாருங்க."

"அப்படி பேஜாரானா கல்லா நாற்காலிய நீயே வச்சிக்கோ" என்றேன்.

கோபத்தில் வந்த வார்த்தை. அந்த நாற்காலி பேனுக்கு நேர் கீழே இருக்கிறது. அதில் நான் யாரையும் உட்கார விட்டதில்லை. மத்தியானம் நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுக் கண்ணயர்கிற நேரத்தில் தேவகி கடையைப் பார்த்துக்கொள்வாள். அப்போதும் ஸ்டூலில்தான். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

விட்டுக்கொடுக்க முடியுமா? ஒரு யோசனை செய்தேன். நல்ல யோசனை. பின் அறையில் யூபிஎஸ் இருந்தது. கரண்ட் போனால் கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் தாங்கிப் பிடிக்கிற பேட்டரிப் பெட்டி. கறுப்பு. கனம். பச்சை லைட்டு வேறு. பார்க்கிறதுக்கு சர்வரைவிட சர்வர் மாதிரி இருக்கும். அதைத் தூக்கி வந்து பூஜையில் வைத்து, இந்தா உன் சர்வர் என்றேன்.

தேவகி சந்தனம் தடவினாள். குங்குமம் வைத்தாள். முழ மாலை போட்டாள். "எல்லா வெலையும் இதுக்குள்ளதான் கீதா?" என்று கேட்டாள். கீது என்றேன். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நானும் போட்டுக்கொண்டேன். சிரிப்பை அடக்க அது வசதி.

பொரி, சுண்டலை எடுத்துக்கொண்டு அவள் திருப்புலிவனம் கோயிலுக்கு பஸ் ஏறினாள். ஞானதாஸ் வந்தார். யூபிஎஸ் எங்கே என்றார். ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்றேன். முன் பக்கம் அது மாலையோடு உட்கார்ந்திருந்தது. மனிதர் பின் வாசல் வழியாக வந்ததால் பார்க்கவில்லை. கரண்ட் போனால் என்றார். அது கரண்ட் நினைத்தபோது போய் நினைத்தபோது வருகிற வருஷம். இருந்தாலும் பண்டிகை நாளில் எடுக்க மாட்டான் என்றேன். பழைய டேட்டாவுக்குக் காப்பி எடுத்தாச்சா என்றார். எடுத்தாச்சு, வேலையைப் பாரும் என்றேன். எடுக்கவில்லை. எடுத்தால் நேரமாகும், தேவகி வந்துவிடுவாள்.

பழையதைப் பிரித்துப் புதியதில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, பாதியில், கரண்ட் போனது.

வந்த பிறகு பார்த்தால் நான் முதலில் சொன்ன கதைதான். பழைய வெர்ஷனும் இல்லை, புதுசும் இல்லை. ஞானதாஸ் பதறவில்லை. காப்பியைக் கொடுங்கள், ஏற்றிவிடலாம் என்றார். இல்லை என்றேன். அதற்கும் பதறவில்லை. முன் பக்கம் வந்து, மாலை போட்ட யூபிஎஸ்ஸை ஒரு பார்வை பார்த்து, ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். யாரை எதிர்பார்க்கிறார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. விஜயதசமி காலையில் பிளம்பர்கள் எல்லாம் முதல் சரக்கு எடுக்க வருவார்கள். நான் எந்த விலையைச் சொல்வது?

தேவகி பஸ்ஸை விட்டு இறங்கி வந்தாள். எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள்.

"இன்னாங்க, பொண்ணு பாக்கப் போய் பஜ்ஜி கெடைக்காத மாதிரி உக்காந்துனு கீறீங்க?"

சொன்னேன். யூபிஎஸ் சமாசாரத்தை மட்டும் முழுங்கிவிட்டு.

"பூஜைல வச்ச பெட்டிய எடுத்தீங்களா?"

"தொடல. சத்தியமா."

"தொட்டிருந்தா கரண்ட் போயும் வேலை நடந்திருக்கும்" என்றாள். "யூபிஎஸ்ஸுன்னு அதும்மேலயே எழுதிக் கீதேங்க."

"தெரிஞ்சி ஏன்டி மாலை போட்ட?"

"அதுவும் ஆயுதந்தான? பாவம், யாரும் கும்புடறதில்ல."

ஞானதாஸ் கூரையைப் பார்த்தார். "அக்கா, காப்பி..." என்றார்.

"கீது சார். நேத்து கடை சாத்தறப்போ எடுத்தது."

பூஜைத் தட்டைக் காட்டினாள். ஸ்க்ரூ டிரைவருக்கும் டேப்புக்கும் நடுவில், மூடியில் சந்தனப் பொட்டோடு ஒரு பென் டிரைவ். காலையில் அதற்குக் கற்பூரம் காட்டியவன் நான். யாரோ விட்டுப்போன லைட்டர் என்று நினைத்தேன்.

விஷயம் பிறகு வெளியே வந்தது. நான் கண்ணயர்கிற நேரத்தில் ஸ்டூல் காலியாகத்தான் இருந்திருக்கிறது. பில் போடவும் காப்பி எடுக்கவும் ஞானதாஸே சொல்லிக்கொடுத்திருக்கிறார். ஊருக்கே தெரியும்.

தட்டில் கை வைக்கப் போனேன்.

"பூஜைல வச்சத இன்னிக்கு எடுக்கக் கூடாது" என்றாள். "நாளைக்கு மறுபூஜை போட்டு நானே எடுத்துத் தரேன். நாற்காலில ஒரு குஷன் போடணும். உங்களுக்குப் பழகினது, எனக்கு முதுகு வலிக்குது."

மறுநாள் காலை மறுபூஜை முடிந்து, ஞானதாஸ் புது வெர்ஷனில் காப்பியை ஏற்ற, எல்லாம் திரும்பி வந்தது. கடைசி வாஷர் வரைக்கும். யூபிஎஸ்ஸும் மாலையோடு பின் அறைக்குப் போனது. பில் தட்டின மாத்திரத்தில் விழுகிறது. எனக்கும் நஷ்டமில்லை. மத்தியானத் தூக்கத்தை இப்போது பாதியில் முடிக்க வேண்டியதில்லை.

முதல் ஆளாக பிளம்பர் அருள்தாஸ் வந்தான். நாற்காலியில் இருந்து உத்தரவு வந்தது, எல்போ எடுங்க என்று. எடுத்தேன். பில்லைக் கிழித்து அவனிடம் கொடுத்தேன். மேலே பளிச்சென்று அச்சடித்திருந்தது.

பில் போட்டவர்: தேவகி.