பென்சில் அண்ணையின் கடைசிப் பெட்டி

எழுத வந்ததற்கு முதலில் மன்னிக்க வேண்டும். நான் பத்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். நாலு பேர் கூடினால் கோப்பை கழுவப் போய்விடுகிற சுபாவம். ஆனாலும் பென்சில் அண்ணையைப் பற்றி வேறு யாரும் எழுதப்போவதில்லை. அவரைத் தெரிந்தவர்களுக்கு இன்னும் கொஞ்சம் பயம் இருக்கிறது.

சுவிஸ் நாட்டின் லாங்கன்தால் ஊரில் நடக்கப்போவதை முன்கூட்டியே எழுதிவைத்த மனிதர் அவர் ஒருவர்தான். காதில் எப்போதும் ஒரு பென்சில். அதன் வாலில் இருக்கும் ரப்பரைக் கத்தியால் வெட்டி எறிந்துவிடுவார். அழிக்கிற வேலை அவருக்கு வந்ததே இல்லை.

ஆஸ்பத்திரித் துணி தோய்க்கும் தொழிற்சாலையில் நாங்கள் ஒன்றாக வேலை செய்தோம். மெஷின்கள் நிற்கிற நேரத்தை எழுத அங்கே பெட்டி பெட்டியாகக் கோடு கீறிய ஒரு தாள் தொங்கும். அண்ணை காலை ஆறு மணிக்கே அதை நிரப்பிவிடுவார். மூன்றாம் மெஷின், பத்து மணி பத்து நிமிடம் என்று எழுதினால், பத்து பத்துக்கு அது பெருமூச்சு விட்டு நிற்கும். மரியா என்ற போர்த்துக்கல்காரி அவர் கடந்து போகும்போதெல்லாம் சிலுவை போட்டுக்கொள்வாள். தன் அம்மாவின் விசா கிடைக்குமா என்று ஒருநாள் அவரிடம் என்னைக் கேட்கச் சொன்னாள். நானும் கேட்டேன்.

“அதுக்கு என்னட்டப் பெட்டி இல்லைத் தங்கச்சி,” என்றார் அண்ணை. “பெட்டி கீறின தாள் இருந்தால்தான் எனக்குத் தெரியும்.”

அவருடைய மகன் பிரதீபன் எலெக்ட்ரீசியன். அவன் ஊர் பேஸ்போல் அணியில் ஆடினான். பேஸ்போல் கிரிக்கெட்டுக்குத் தூரத்துச் சொந்தம். மட்டை மட்டும் உலக்கை மாதிரி உருண்டையாக இருக்கும். இந்த நாட்டுக் கழகங்களில் ஆடுகிறவரின் வீட்டார் ஏதாவதொரு வேலை செய்தே ஆகவேண்டும். கேக் சுடலாம், புல் வெட்டலாம். டொச், அதாவது ஜெர்மன், அதிகம் கதைக்கத் தேவையில்லை என்பதால் அண்ணை ஆட்டக் கணக்கு எழுதும் வேலையை எடுத்துக்கொண்டார். ஒருவன் மட்டை பிடிக்கிற ஒவ்வொரு முறைக்கும் ஒன்றாக, அந்தத் தாள் முழுக்கப் பெட்டிகள்.

ஓட்டங்களைக் காட்டும் பலகையில் இலக்கம் மாட்ட என்னைக் கூப்பிட்டார். ஒருவரோடும் கதைக்கத் தேவையில்லை என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே போனேன்.

ஒரு காலை ஆட்டத்தில் மூடுபனி இறங்கியது. விலகிவிடும் என்று நடுவர் தொடங்கிவிட்டார். எங்கள் மேசையிலிருந்து பார்த்தால் ஆட்கள் இல்லை, வெள்ளைதான். முதலில் அண்ணையின் பென்சில் அசையும். பிறகுதான் பனிக்குள்ளிருந்து மட்டைச் சத்தம் ‘டொக்’ என்று வரும். அவசரத்தில் அவர் எழுதியதைப் பார்த்து ஒரு ஓட்டத்தைப் பலகையில் மாட்டிவிட்டேன். எதிரணிப் பயிற்சியாளர் ஓடிவந்து கத்தினார். அவர் கத்திக்கொண்டிருக்கும்போதே பனியைப் பிளந்துகொண்டு எங்கள் ஆள் ஓடிவந்து அந்த ஓட்டத்தை எடுத்தான். பயிற்சியாளர் வாயை மூடிக்கொண்டு, எங்களுக்கு முதுகு காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து போனார்.

அதற்குப் பிறகு சனம் அண்ணைக்குக் கேக்கும் சாராயப் போத்தலும் கொண்டுவரத் தொடங்கியது. வெற்றி என்று எழுதிவிடச் சொல்லிக் கெஞ்சினார்கள். எங்கள் ஊர் ஒருமுறையும் கிண்ணம் வென்றதில்லை. இறுதி ஆட்டம் வரை போகும், அங்கே தோற்கும். பேக்கரிக்காரர் ஒவ்வொரு முறையும் கிண்ணம் போலவே பெரிய கேக் செய்து, மறுநாள் அதைப் பாதி விலைக்கு விற்பார்.

பிறகு ஒரு செப்டெம்பர் ஞாயிறு, மறுபடியும் இறுதி ஆட்டம். அன்று பிரதீபனுக்கு இன்னொரு விஷயமும் இருந்தது. மட்டை பிடித்த தடவைகளில் அதிகப் பங்கை நல்ல அடியாக மாற்றியவனுக்கு அந்த ஆண்டின் சிறந்த மட்டையாளர் பட்டம். சூரிச் அணிக்காரன் ஒருவன் மயிரிழை முன்னால் நின்றான். பிரதீபனுக்கு ஒரேயொரு அடி தேவை.

ஆட்டம் தொடங்குமுன்பே அண்ணை பிரதீபனின் கடைசிப் பெட்டியில் ஏதோ எழுதி, அதன்மேல் தேத்தண்ணிப் பிளாஸ்க்கின் மூடியைக் கவிழ்த்தார். செய்தி பரவிவிட்டது. பாதிச் சனம் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, மூடியைத்தான் பார்த்தது.

கடைசிக் கட்டம். நாங்கள் ஒரு ஓட்டம் பின்னால், இன்னும் ஒரு ஆள் அவுட்டானால் ஆட்டம் முடிந்துவிடும். எங்கள் ஆள் ஒருவன் பாதி வழியில், இரண்டாம் தளத்தில் நின்றான். பிரதீபன் அடித்தான். பந்து எதிரணிக்காரன் ஒருவனின் கையுறைக்குள் நேராகப் போய், நழுவி உருண்டது. பிரதீபன் முதல் தளத்தைத் தொட்டுவிட்டான். இரண்டாம் தளத்தில் நின்றவன், ஓட்டம் முடிகிற வீட்டுத் தளத்துக்குப் பறந்தான். உருண்ட பந்தை எடுத்து எறிந்தார்கள், அது அவனை ஒரு அடி தூரம் முந்தியது. அவுட். முடிந்தது.

பேக்கரிக்காரர் செத்தவீட்டில் போலத் தொப்பியைக் கழற்றினார்.

எங்கள் பயிற்சியாளர் மேசைக்கு வந்தார். கிண்ணம் போனால் போகட்டும், பட்டமாவது ஊருக்கு வரட்டும், அது நல்ல அடிதானே என்று மெதுவாகக் கேட்டார். சுலபமாகப் பிடித்திருக்க வேண்டிய பந்து நழுவினால் அது பிடிப்பவனின் பிழை, அடித்தவனுக்குச் சேராது. அதைத் தீர்மானிக்கிற அதிகாரம் கணக்கு எழுதுகிறவருக்கு மட்டும்தான்.

அண்ணை மூடியைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தார். பிறகு என் பக்கம் குனிந்தார்.

“தங்கச்சி, உங்கட்ட ரப்பர் இருக்கோ?”

பனிக்குள் சத்தம் கேட்ட அன்றுகூட எனக்கு மயிர்க்கூச்செறியவில்லை. இப்போது மயிர் சிலிர்த்தது. ரப்பர் இல்லை. என் சான்ட்விச்சின் வெள்ளைப் பாணைக் கிள்ளி உருட்டிக் கொடுத்தேன். அவர் அதால் தேய்த்தார். புதிதாக எழுதினார்: பிடிப்பவனின் பிழை.

பிரதீபன் முழங்கால் மண்ணோடு வந்து நின்றான்.

“அப்பா, ஹிட்டோ?”

“இல்லையடா. அவன் அதைப் பிடிச்சிருக்க வேணும்.”

அவன் குனிந்து தாளைப் பார்த்தான். “ஓம். நானும் அப்பிடித்தான் கண்டனான்,” என்று சொல்லி, மேசையிலிருந்த பாண் துகள்களை ஊதிவிட்டுப் போனான்.

சனம் கலைந்த பிறகு நான் இலக்கங்களைக் கழற்றிக்கொண்டே கேட்டேன். “அண்ணை, நீங்கள் எழுதினது ஒருநாளும் பிழைச்சதில்லையே?”

அவர் பென்சிலைக் காதில் வைக்காமல் சட்டைப்பைக்குள் போட்டார். “மற்றதெல்லாம் தெரிஞ்சு எழுதினது, தங்கச்சி. இது ஆசைப்பட்டு எழுதினது.”

தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பாணால் தேய்த்த இடத்தில் ‘நல்ல அடி’ என்ற குறி மங்கலாகக் கிடந்தது. அதுவரை அவரை ஒரு மனிதராக நான் நினைத்திருக்கவில்லை என்று அப்போதுதான் விளங்கியது.

அடுத்த நாள் திங்கட்கிழமை. இடைவேளைக்கு அண்ணை பாதி விலைக் கேக்கில் எனக்கும் மரியாவுக்கும் ஒவ்வொரு துண்டு கொண்டுவந்தார். பத்து மணி இருபதுக்கு மூன்றாம் மெஷின் நின்றது. தாள் வெறுமையாக இருந்தது. அண்ணை எழுந்துபோய், மணியைப் பார்த்து எழுதினார்.