எலும்புக்குள் ஒரு சந்தகை

மனித உடம்புக்குள் அடுப்படிச் சாமானும் தோட்டத்துச் சாமானும் தவிர வேறெதுவும் இல்லை என்று நம்பிய டாக்டர் உலகத்திலேயே ஒருவர்தான். பாலக்காட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் இருந்தார். இட்டிலியைப் பிழிந்து எடுக்கும் சேவையைச் சந்தகை என்று சொல்லும் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் அவருக்குப் பெயர் சந்தகை டாக்டர்.

நெஞ்சுவலி என்று போன ஒரு விவசாயிக்கு இதய வால்வை விளக்க, பம்புசெட்டு ஃபுட்வால்வை மேஜைமேல் தூக்கி வைத்தாராம். அவர் வலியை மறந்து, "வாஷர் போயிருச்சுங்க" என்று அதைக் கழற்ற ஆரம்பித்துவிட்டாராம்.

இதையெல்லாம் கேட்டுச் சிரித்தவன்தான் நானும், என் முறை வரும்வரை. மகள் சாந்திக்குக் காய்ச்சல் விட்ட பிறகு காலெல்லாம் சிவப்புப் புள்ளிகள். தொட்ட இடம் கன்றியது. மூக்கில் வந்த ரத்தம் நிற்கவில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர், "ரத்தப் புத்துநோய்க்கு இப்படித்தானுங்க வரும்" என்றார்.

டாக்டர் புள்ளிகளை அழுத்திப் பார்த்தார். இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுக்க வேண்டும் என்றார்.

"ரத்தத்துக்கும் எலும்புக்கும் என்னங்க சம்பந்தம்?"

"ஏனுங்க, உங்க ஊட்ல சந்தகை ஆரு பிழியறது?"

"நானுங்க." ஆட்டுவதும் அவிப்பதும் என் மனைவி, கைப்பிடியைத் திருகுவது மட்டும் நான்.

"அப்பச் சுளுவாப் புரியும்."

அலமாரியிலிருந்து இரும்பு முக்காலிச் சந்தகை மிஷின் இறங்கியது. கேன்டீனிலிருந்து சூடாக இட்டிலி வந்தது. அதை உள்ளே திணித்து என்னைத் திருகச் சொல்லி, விழுந்த இழைகள்மேல் கூஜாத் தண்ணீரைச் சாய்த்தார்.

"அய்யோ டாக்டரே, பின்னேயும்!" என்று, மறுபடியுமா என மலையாளத்தில் அலுத்துக்கொண்டே நர்ஸம்மா துடைப்பம் தேடி ஓடினார்.

"உள்ள இருக்கற மாவுதான் மஜ்ஜையில இருக்கற பெரிய செல்லு. தடியன். ரத்தக்கொழாய்ச் செவுத்து ஓட்டையில இழை இழையா நீட்டுவான். ரத்தம் ஓடற வேகத்துல இழை பிஞ்சு துணுக்காயிரும். அதுதானுங்க பிளேட்லெட். காயம் பட்டா ஓடிப்போய் அடைக்கறது. பாப்பா ரத்தத்துல அது ரொம்பக் கம்மி. தடியன் பிழியறதே இல்லியா, பிழிஞ்சது வழியில அழியுதான்னு பாக்கோணும்."

"தடியனே இல்லீனா?" என்றாள் சாந்தியை மடியில் வைத்திருந்த என் மனைவி.

டாக்டர் கூஜாவைக் கீழே வைத்தார். "அதையும் ஊசி போட்டுப் பாத்தாத்தானுங்க சொல்ல முடியும்" என்று சாந்தியைத் தானே தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

ஊசி போட்டபோது சாந்தி அலறியது வராந்தாவுக்குக் கேட்டது. வெகுநேரம் கழித்து டாக்டர் ஒற்றைச் செருப்போடு லேபிலிருந்து ஓடிவந்தார்.

"தடியனுக எக்கச்சக்கமுங்க! மாவு ரொப்பிட்டு வரிசையா நிக்கறானுக!"

வராந்தா முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஒரு பெரியவர், "எந்தப் பந்தியிலீங்க?" என்றார்.

"கெட்ட செல்லு ஒண்ணுங்கூட இல்லீங்க. காய்ச்சலை அடிக்கப் போன ஒடம்போட காவக்காரன் பிளேட்லெட்டையும் சேத்து அடிச்சுப்போடறான். கொழந்தைகளுக்குப் பெரும்பாலும் தானா அடங்கீரும். அதுவரைக்கும் கீழ உழாமப் பாத்துக்குங்க, அழுவாதீங்க" என்றவர், என் மனைவி பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்தார்.

அடங்கியது. சாந்தி இப்போது புளியமரம் ஏறுகிறாள். நான் கீழே நின்று அவள் காலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் சந்தகை பிழிந்தால் முதல் பாத்திரம் என்னோடு பாலக்காட்டுக்கு பஸ் ஏறுகிறது. அவருக்குச் சந்தகையே பிடிக்காது என்று நர்ஸம்மா என்றைக்கோ சொல்லிவிட்டார். ஆனாலும் ஒவ்வொரு முறையும் என் எதிரிலேயே கடைசி இழைவரை தின்றுவிட்டுத்தான் பாத்திரத்தைத் தருகிறார்.